சுருளி விழுங்காத ‘உம்’

ஒரு காட்டில், தும்முவதற்குக்கூட ரெண்டு பிரதி விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒரு காட்டில், தணிகாசலம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. ‘இருந்தது’ என்று சொன்னால் கோபம் வந்துவிடும். இருந்தார். வாசல் எழுத்தர் தணிகாசலம். முதுகு நிறைய எழுதுகோல் முளைத்த ஆள் அந்தக் காட்டில் அவர் ஒருவர்தான். வேறு யாருக்கு அந்த வேலையைக் கொடுப்பார்கள்?

கதை கேட்கிறவர்கள் நடுநடுவே உம் கொட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே ஒரு உம் விட்டுப்போய்த்தான் இந்தக் கதையில் அத்தனை கூத்தும் நடந்தது. நீங்களும் ஒன்றை விட்டீர்களானால் நான் தாங்கமாட்டேன்.

அந்தக் காட்டைச் சுற்றி நெருப்பாலேயே ஒரு வேலி. கழுதைப்புலிக்குப் பயந்து போட்டது. அதில் ஐந்து வாசல். வெளியே போகிறவரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். உள்ளே வருகிறவருக்குத்தான் ஆயிரம் கேள்வி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பலகை, பலகையில் யார் யாரை விடலாம் என்று பட்டியல். காட்டுவாசிகள், வாசல் எழுத்தர், பால் கொண்டுவரும் எருமை, இப்படி. பட்டியலில் பெயர் இருந்தால் நெருப்பு விலகும். இல்லையென்றால் மீசை கருகும்.

முன்பெல்லாம் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் தணிகாசலம் ஐந்து வாசலுக்கும் நடையாக நடப்பார். அரை நாள் போய்விடும். கால் வீங்கிவிடும். வீட்டுக்கு வந்து மனைவி பட்டம்மாவிடம் வெந்நீர் கேட்பார், அவள் கொடுக்கமாட்டாள்.

அப்போதுதான் சுருளி வந்து சேர்ந்தது. சுருளி ஒரு மலைப்பாம்பு. சும்மா பாம்பில்லை, தலையைக் கிழக்கு வாசலில் வைத்துப் படுத்தால் உடம்பு மற்ற நான்கு வாசலையும் தொட்டுக்கொண்டு போகும். அதோடு கூடவே ஒரு நூலகமும் வந்தது. நூலகம் என்றால் கதைப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த ஓலைகள். ‘வாசலைத் திற’ என்று ஒரு கட்டு. ‘வாசலில் யார், பார்’ என்று ஒரு கட்டு. ‘இன்ன வாசலில் இன்னாருக்கு அனுமதி எழுது’ என்று ஒரு கட்டு. நடுவில் இருக்கும் காலி இடத்தை நிரப்பிப் பாம்பின் வாயில் போட்டால் போதும். லபக்கென்று விழுங்கும். கண்மூடித் திறப்பதற்குள் ஐந்து பலகையிலும் எழுத்து மாறிவிடும்.

சுருளிக்கு ஒரு குணம் உண்டு. சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. ஒரு பிடிவாதமும் உண்டு. ஓலையின் ஓரத்தில் சரியாக நாலு விரல் இடம் விட்டு எழுத வேண்டும். மூன்று விரல் என்றால் தூவென்று துப்பிவிடும். அது துப்பினால் ஓலை வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழும், அப்படித் துப்பும்.

ஓலையின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அதை அந்தக் காட்டில் ஒரு ஜீவன் படித்ததில்லை.

இப்படி இருக்கும்போது தணிகாசலத்தின் ஒரே மகள் குமுதவல்லிக்குக் கல்யாணம் கூடிவந்தது. சுலபமாகக் கூடிவரவில்லை. எட்டு வரன் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தது. பெண்ணிடம் குறை இல்லை. பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் நெருப்புக்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்து, “வந்த காரணம்? தங்கும் நேரம்? உடன் வந்த முட்கள் எத்தனை?” என்று கேட்டால் எவன் பெண் எடுப்பான்? எட்டாவது மாப்பிள்ளைக்கு வாலே கருகிவிட்டது. ஒன்பதாவதாக அமைந்த இடம் பக்கத்து மலை பொன்னுரங்கத்தின் வீடு. இதுவும் தட்டிப்போனால் குமுதவல்லி கன்னியாகவே இருக்க வேண்டியதுதான் என்று ஊர் பேசியது.

கல்யாணத்தன்று காலையில் பட்டம்மா கையைக் கூப்பாத குறையாகச் சொன்னாள்: “ஏங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இந்தத் தடவையாவது அவங்களை வாசல்ல நிறுத்தாதீங்க. எந்த வாசல்ல வந்தாலும் நேரா உள்ளே விட்டுடுங்க.”

“எனக்குத் தெரியாதா? ஒரே ஓலை. அஞ்சு வாசலும் அவங்களுக்குத் திறந்துடும். நீ போய்ப் பாயசத்தைப் பாரு” என்றார் தணிகாசலம்.

முதுகிலிருந்து நல்ல கூரான முள்ளாகப் பார்த்துப் பிடுங்கினார். ‘எல்லா வாசலிலும் மாப்பிளை வீட்டாரை அனுமதி’ என்று எழுதிச் சுருளியின் வாயில் போட்டார். தூ! ஓரம் மூன்று விரல்தான் இருந்தது. ஓலை வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. இரண்டாவது ஓலையில் விரல் வைத்து அளந்து நாலு விரல் விட்டு எழுதினார். தூ! மாப்பிள்ளைக்கு ஒரு ‘ள்’ குறைந்துபோயிருந்தது.

“ஒரு புள்ளி வச்ச எழுத்துக்கு இவ்வளவு அலட்டலா!” என்று திட்டிக்கொண்டே மூன்றாவது ஓலையை எடுத்தார். அதற்குள் மலைப் பக்கத்திலிருந்து மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஓரத்தை இரண்டு தடவை அளந்தார். ‘ள்’ளை மூன்று தடவை எண்ணினார். மணக்கோலத்தில் நின்ற குமுதவல்லி எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, அடியில என்னமோ எழுதியிருக்கே. படிச்சீங்களா?”

“அதெல்லாம் சும்மா போடறதும்மா. எவன் படிப்பான்?”

ஓலையைப் போட்டார். சுருளி விழுங்கியது. ஒரு முனகல் இல்லை, ஒரு விக்கல் இல்லை.

“விழுங்கிடுச்சு! துப்பலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம்” என்று துள்ளிக் குதித்தார் தணிகாசலம். தொண்டையில் சிக்காததெல்லாம் வயிற்றுக்கு நல்லதா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், சந்தனம் எல்லாம் எடுத்துக்கொண்டு கிழக்கு வாசல் வழியாக வெளியே போய் நின்றார். பெண்ணைப் பெற்றவர் எல்லைக்குப் போய் எதிர்கொண்டு அழைக்க வேண்டும் என்பது முறை. முப்பது முள்ளம்பன்றிகள், சிவப்புத் தலைப்பாகையோடு, ஆடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் சம்பந்தி பொன்னுரங்கம்.

“வாங்க வாங்க! மாப்பிள்ளை வாங்க! எல்லாரும் வாங்க!”

நெருப்பு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. சுருளி தலையைத் தாழ்த்தி வணங்கியது. ஒரு கேள்வி இல்லை, ஒரு வரிசை இல்லை. முப்பது பேரும் ஜம்மென்று உள்ளே போனார்கள். தணிகாசலத்துக்குப் பெருமையில் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. தாம்பாளத்தோடு பின்னாலேயே போனார்.

படக்கென்று நெருப்பு மூடியது. மூக்கு நுனி சுரீரென்றது. தாம்பாளம் உருண்டோடியது.

“டேய் சுருளி! நான்டா!”

கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“சுருளி! இருக்கியா?”

நெருப்புக்கு அந்தப் பக்கம் பாம்பின் நாக்கு வெளியே வந்து உள்ளே போவது நன்றாகவே தெரிந்தது. ஆனால் மூச்சு விடவில்லை.

“அடப்பாவி, கண்ணுக்கு நேரா இருந்துக்கிட்டு இல்லாத மாதிரி நடிக்கிறியே!”

பட்டியலில் இல்லாத ஆள் ‘இருக்கியா’ என்று கேட்டால் ‘இருக்கேன்’ என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது வாசல் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

பக்கத்தில் யாரோ செருமினார்கள். பால் எருமை. இரண்டு குடம் பாலோடு நின்றிருந்தது. “எழுத்தரய்யா, நாலு வருஷமா இந்த வாசல்ல பால் ஊத்தறேன். இன்னைக்கு என்னை யாருன்னே தெரியாத மாதிரி இருக்கான். பாயசத்துக்குப் பால் வேணுமா வேணாமா?”

தணிகாசலம் அடுத்த வாசலுக்கு ஓடினார். அங்கேயும் நெருப்பு. மூன்றாவது வாசலுக்குப் போகவே இல்லை. ஐந்து வாசலுக்கும் ஒரே ஓலை என்பது அதற்குள் நினைவுக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு தப்பை ஐந்து வாசலில் செய்ய அரை நாள் நடக்க வேண்டும், நடக்கிற நடையில் பாதி வழியிலேயே புத்தி வந்துவிடும். இப்போது கண்மூடித் திறப்பதற்குள் ஐந்து தப்பு.

திரும்பி வரும்போது காலில் ஏதோ இடறியது. காலையில் சுருளி துப்பிய முதல் ஓலை. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாக அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

‘கவனிக்க. இந்த ஓலை பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். பழையவர்களும் இருக்க வேண்டுமானால் ‘உம்’ சேர்க்கவும்.’

மாப்பிள்ளை வீட்டாரை அனுமதி என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரையும் அனுமதி என்று எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு உம்மில் காட்டுவாசிகள் போனார்கள், எருமை போயிற்று, வாசல் எழுத்தரும் போனார். திருத்தி இன்னொரு ஓலை கொடுக்கலாம் என்றால், பட்டியலில் இருப்பவர் கையால் கொடுத்தால்தான் பாம்பு வாயைத் திறக்கும். தன் கையாலேயே தன்னை அழித்துக்கொண்டவர் எந்தக் கையால் கொடுப்பார்?

“ஐயோ குமுதா! பெத்த பொண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க முடியாத பாவியாயிட்டேனே!” என்று வாய்விட்டு அழுதார். எருமையும் சேர்ந்து அழுதது. அதற்குப் பால் திரிந்துவிடுமே என்ற கவலை.

அந்த நேரத்தில் சம்பந்தி பொன்னுரங்கம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். வெளியே வரத்தான் தடையில்லையே.

“நல்லாருக்கு சம்பந்தி! உள்ளே எங்களை வாங்கன்னு கேக்க ஆளில்ல. நீங்க இங்க எருமையோட உக்காந்து ஒப்பாரி வச்சுக்கிட்டிருக்கீங்க. சூரியன் புளியமரத்து உச்சிக்கு வந்துட்டா முகூர்த்தம் போச்சு, தெரியுமில்ல?”

தணிகாசலம் எல்லாவற்றையும் கொட்டினார். “சம்பந்தி, உங்க கையைக் காலா நினைச்சுக் கும்பிடறேன். நீங்க பட்டியல்ல இருக்கீங்க. புது ஓலை ஒண்ணுல ‘வாசல் எழுத்தரையும் அனுமதி’ன்னு உம் போட்டு எழுதி, உங்க கையால பாம்பு வாயில போட்டுடுங்க.”

பொன்னுரங்கம் இரண்டடி பின்னால் போனார். “என்ன சொன்னீங்க? நாங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. வந்த இடத்துல எங்களை எழுத்து வேலை பாக்கச் சொல்றீங்களா? எங்க வீட்டுப் பொம்பளைங்க காதுல விழுந்தா மேளத்தை நிறுத்திட்டுக் கிளம்பிடுவாங்க.”

“அப்ப நான் எப்படி உள்ளே வர்றது?”

பொன்னுரங்கம் கொஞ்ச நேரம் யோசித்தார். கெட்ட மனுஷரில்லை, சம்பந்திதான். மடியிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்தார். “ஒரு தலைப்பாகை மிச்சம் இருக்கு. எங்க வீட்டு ஆளா வந்துடுங்களேன்.”

தலைப்பாகையைக் கட்டியதும் முள் குத்தி ஏழு இடத்தில் கிழிந்தது. பரவாயில்லை. தணிகாசலம் நெருப்புக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, “மாப்பிள்ளை வீடு” என்றார்.

“அடடே, வாங்க வாங்க! வழியில சிரமமில்லையே?” என்றது சுருளி. நெருப்பு விலகியது. பதினொரு வருஷம் அந்த வாசலில் வேலை பார்த்திருக்கிறார், ஒரு நாளாவது அது அவரிடம் சிரமமில்லையே என்று கேட்டதில்லை.

பின்னாலேயே எருமை கிழிந்த துணி ஒன்றைக் கொம்பில் சுற்றிக்கொண்டு, “நானும் மாப்பிள்ளை வீடு” என்றது. அதையும் விட்டது. முள்ளம்பன்றி வீட்டில் எருமைக்கு என்ன உறவு என்று கேட்கச் சொல்லி எந்த ஓலையிலும் எழுதியிருக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் தணிகாசலம் நேராக நூலகத்துக்குப் போய் ஒரு ஓலையை எடுத்து எழுத உட்கார்ந்தார். சுருளி பதறிப்போய்த் தலையை நீட்டி அவர் கையிலிருந்த முள்ளைப் பிடுங்கியது. “ஐயய்யோ, மாப்பிள்ளை வீட்டார் வேலை செய்யறதாவது! பாவம் வந்து சேரும். நீங்க முன் வரிசையில உக்காருங்க.” வாலால் அலாக்காகத் தூக்கி முன் வரிசையில் உட்கார வைத்தது. கையில் இளநீர் வந்தது. இரண்டு அணில்கள் விசிறின.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது. யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். இளநீர் உள்ளே இறங்கியதும் அவருக்குக் கொஞ்சம் கால் மேல் கால் போடத் தோன்றியது. போட்டார். விசிறி மெதுவாக இருக்கிறது என்றார். முதல் பந்தியில் இலை போட்டு ஒரு வாய் சாம்பாரை வைத்துப் பார்த்து, “உப்பே இல்லை. என்ன வீடய்யா இது?” என்றார். பக்கத்து இலைக்காரர் தலையாட்டியதும் குரல் இன்னும் ஏறிற்று. “வந்து எவ்வளவு நேரமாச்சு, பொண்ணைப் பெத்தவன் எங்கய்யா? ஒரு வார்த்தை வாங்கன்னு கேட்டானா? மரியாதை தெரியாத ஜென்மம்!”

பரிமாறிக்கொண்டிருந்த பட்டம்மா குனிந்து அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “நானும் காலையிலேர்ந்து அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். எங்க அந்தாளு?”

அவருக்கு அப்போதுதான் தான் யார் என்பதே ஞாபகம் வந்தது.

மேடையிலிருந்து புரோகிதர் குரல் கொடுத்தார். புரோகிதர் ஒரு கொக்கு. பறந்து வந்துவிட்டார், வேலிக்கு மேலே ஒரு வாசல் வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, “தாரை வார்க்கணும். பொண்ணோட அப்பா வரலாம்” என்றார்.

தணிகாசலம் எழுந்தார். “நான்...”

சுருளி சட்டென்று தலையைத் தூக்கியது. உள்ளே வந்தவர் யாராக வந்தாரோ அவராகவே இருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். மாறினால் வாலால் சுற்றித் தூக்கி வேலிக்கு வெளியே போட்டுவிடும். “யாரு?” என்றது.

“மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை” என்றார் தணிகாசலம். உட்கார்ந்துவிட்டார். சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது. மேடையில் மகள் மாலையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் பதிலுக்குப் பார்க்க முடியவில்லை. தலைப்பாகை நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பொண்ணோட அப்பா!” என்று கொக்கு இரண்டாம் தடவை கூப்பிட்டது. சூரியன் புளியமரத்தின் உச்சிக் கிளைக்கு வந்துவிட்டது. “இன்னும் ஒரு தடவைதான் கூப்பிடுவேன். அப்புறம் எனக்குக் குளத்துல வேற வேலை இருக்கு.”

குமுதவல்லி மேடையிலிருந்து கேட்டாள்: “சாமி, முதல்ல தாலி கட்டிட்டு, அப்புறம் தாரை வார்த்தா என்ன?”

கொக்குக்கு இன்னொரு காலும் கீழே வந்துவிட்டது. “என்னம்மா இது! வாங்கின பிறகு கொடுக்கற வழக்கம் எங்கயாவது உண்டா?”

“முகூர்த்தம் தப்பறது மட்டும் வழக்கமா? கட்டச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை பயந்த சுபாவம். கட்டு என்றதும் கட்டிவிட்டார். மரங்கொத்திகள் கெட்டிமேளம் கொட்டின. மூன்றாவது முடிச்சு விழுந்த மறுநொடியே குமுதவல்லி மேடையை விட்டு விறுவிறுவென்று இறங்கி நூலகத்துக்குப் போனாள். தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். ஒரு ஓலையை எடுத்து முதலில் அடியில் இருந்ததைப் படித்தாள். பிறகு எழுத உட்கார்ந்தாள்.

சுருளி ஓடோடி வந்தது. “அம்மா, நீங்க யாரு?”

“மாப்பிள்ளை வீடு.”

“மாப்பிள்ளை வீடா? அப்ப நீங்க வேலை செய்யக் கூடாதே!”

“நான் அந்த வீட்டு மருமகள்.”

சுருளி இரண்டு வினாடி யோசித்தது. “ஓ, மருமகளா? அப்ப தாராளமாச் செய்யலாம். இதை முடிச்சுட்டு அந்தப் பாத்திரமெல்லாம்கூடக் கிடக்கு.”

அவள் விரல் வைத்து நாலு விரல் ஓரம் விட்டாள். ‘காட்டுவாசிகளையும் பால் எருமையையும் வாசல் எழுத்தரையும் பெண்ணைப் பெற்றவரையும் அனுமதி’ என்று எழுதிப் பாம்பின் வாயில் போட்டாள். சுருளி விழுங்கியது. நான்கு உம்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்டையில் இறங்க, “உம்... உம்... உம்... உம்...” என்று கதை கேட்கிற பிள்ளை மாதிரி கொட்டியது. ஐந்து பலகையிலும் எழுத்து வளர்ந்தது.

பிறகு தணிகாசலத்தின் பக்கம் தலையைத் திருப்பி, “அட, எழுத்தரய்யா! இருக்கீங்களா?” என்றது.

“இருக்கேன்டா!” என்று கத்திக்கொண்டே இலையைத் தாண்டி, அணிலைத் தாண்டி, மேடைக்கு ஓடினார் தணிகாசலம். மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, பட்டம்மா நீர் வார்க்க, அழுதுகொண்டே தாரை வார்த்தார். கொக்கு முணுமுணுத்தது: “கட்டிக் கொண்டாச்சு. இப்ப நீர் என்னத்தைக் கொடுக்கிறீர்?”

“அவ தானாப் போனது வேற. நான் இன்னும் கொடுக்கலையே சாமி” என்றார். குமுதவல்லிக்கும் அப்போதுதான் கண் கலங்கியது.

நீர் காய்வதற்குள் கீழே பந்தியிலிருந்து ஒரு குரல். சற்று முன்வரை பக்கத்து இலையில் அவரோடு சேர்ந்து தலையாட்டிய அதே ஆள். “யோவ், பொண்ணைப் பெத்தவரே! சாம்பார்ல உப்பே இல்லை. என்ன வீடய்யா இது?”

தணிகாசலம் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உப்புக் கிண்ணத்தை ஒரு கையிலும் சாம்பார் வாளியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, “இதோ வந்துட்டேங்க!” என்று ஓடினார்.

நீதி: ஓலையின் அடியில் இருப்பதைப் படிக்கச் சோம்பல்படுகிறவன், முன்யோசனையாக ஒரு பெண்ணைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.